சர்வர் படுத்துவிட்டால் யாரை எழுப்புவது?

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் நிறைந்துபோய் பில்லிங் மொத்தமும் நின்றுவிட்டது. காலை 9.30 மணிக்கு வாடிக்கையாளர் ஒருவர் முதலாளிக்கு போன் போட்டு, முதலாளி எனக்கு போன் போட்ட பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். அவசரமாக லேப்டாப்பைத் திறந்தால், மானிட்டரிங் திரையில் அந்த டிஸ்க் முந்தின நாள் இரவு 11 மணியிலிருந்தே சிவப்பாக இருக்கிறது. மெயில்கூட அனுப்பியிருக்கிறது, ஒன்றிரண்டு இல்லை, 60-க்கு மேல். எல்லாம் ஒரு பொது மெயில் முகவரிக்கு. அந்த முகவரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

கண்காணிப்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பார்த்தது, சொன்னது. சொன்ன இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். பார்ப்பது ஒரு வேலை, ஆளைக் கூப்பிடுவது வேறு வேலை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த இரண்டையும் எப்படி இணைப்பது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போது, பெரும்பாலும் ஒரு கீயை (பாஸ்வேர்ட் மாதிரியான ஒரு ரகசியக் குறியீடு) எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டினால் முடிந்தது என்ற நினைப்பில்தான் கேட்கிறார்கள். கீயை ஒட்ட ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பார்க்கிற பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. நாகியோஸ் 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வந்தது, இன்றும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. ஜாபிக்ஸ் இருக்கிறது. 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத்தளத்தின் உள்ளே ஆரம்பித்து இன்று எங்கு பார்த்தாலும் இருக்கிற புரொமீதியஸ் இருக்கிறது. கூப்பிடுகிற பக்கத்தில் 2009-இல் தொடங்கிய பேஜர்ட்யூட்டி. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், செல்போன் பரவலாவதற்கு முன் டாக்டர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த அந்த பேஜர்தான். கையில் பேஜர் போய் போன் வந்த பிறகும் இந்தத் தொழிலில் ‘பேஜ் வந்தது’ என்றுதான் சொல்கிறார்கள். ஆப்ஸ்ஜீனியும் பிரபலம்தான், ஆனால் அதை வைத்திருக்கும் அட்லாசியன் 2025 ஜூனிலேயே புதிதாக விற்பதை நிறுத்திவிட்டது, 2027 ஏப்ரலோடு மூடுவதாகவும் அறிவித்திருக்கிறது. அதனால் பழைய வழிகாட்டியைப் பார்த்துவிட்டு இன்றைக்குப் போய் அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

மானிட்டரிங்கே நேராக போன் போடக்கூடாதா? போடலாம். ஆனால் நடுராத்திரி யாருக்குப் போட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இந்த வாரம் யார் முறை, யார் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார், முதல் ஆள் எடுக்காவிட்டால் அடுத்து யார், எடுத்தவர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னாரா இல்லையா, இதெல்லாம் மனிதர்களைப் பற்றிய கணக்கு. போதாததற்கு, இந்தியாவில் சொந்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொள்ளலாம் என்று இறங்கினால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயர், செய்தியின் வார்ப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். நாலு பேர் இருக்கிற டீமுக்கு இது தேவையில்லாத தலைவலி. அப்புறம் இன்னொன்று, உங்கள் சர்வர் இருக்கிற அதே அறையில் கரண்ட் போனால், அதே அறையில் இருந்து போன் போடுகிறவனும் சேர்ந்தே படுத்துவிடுவான். கூப்பிடுகிறவர் வெளியே இருப்பது நல்லது.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். இந்தப் பக்கம் புரொமீதியஸ், அந்தப் பக்கம் பேஜர்ட்யூட்டி.

புரொமீதியஸ் தானே போய்க் கேட்கிற ஆள். ஒவ்வொரு சர்வரிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சின்ன புரோகிராம் 9100-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். புரொமீதியஸ் குறிப்பிட்ட இடைவெளியில் அதன் கதவைத் தட்டி, சிபியூ எவ்வளவு, மெமரி எவ்வளவு, டிஸ்கில் மிச்சம் எவ்வளவு என்று எண்களை வாங்கிக்கொண்டு போகும். கதவைத் தட்டியும் பதில் இல்லை என்றால் அதையும் ஒரு எண்ணாகக் குறித்துக்கொள்ளும், 1 என்றால் ஆள் இருக்கிறார், 0 என்றால் இல்லை. இந்த எண்களின் மேல் நீங்கள் விதி எழுதுகிறீர்கள். டிஸ்கில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் சொல்லு, இப்படி. (சதவீதத்தை நம்பி ஏமாறாதீர்கள். 2 டெராபைட் டிஸ்கில் 10 சதவீதம் என்றால் இன்னும் 200 ஜிபி இருக்கிறது, ஒரு மாதம் ஓடும். 20 ஜிபி டிஸ்கில் அதே 10 சதவீதம் வெறும் 2 ஜிபி, ஒரு லாக் ஃபைல் போதும். இப்போது நிரம்புகிற வேகத்தில் போனால் நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடுமா என்று கேட்கிற விதியும் எழுத முடியும், எனக்கு அதுதான் பிடிக்கும்.)

விதி உண்மையானவுடனே கத்த வேண்டுமா? இங்கேதான் குக்கர் விசில் ஞாபகத்துக்கு வரும். முதல் விசில் வந்ததும் யாரும் அடுப்பை அணைக்க ஓடுவதில்லை, மூன்று வரட்டும் என்று காத்திருப்போம். புரொமீதியஸ் விதியிலும் ‘ஃபார்’ என்று ஒரு வரி உண்டு. இந்த நிலைமை தொடர்ந்து 5 நிமிடம் நீடித்தால் மட்டும் சொல்லு என்று அர்த்தம். அதுவரை அந்த அலர்ட் ‘பெண்டிங்’, 5 நிமிடம் தாண்டினால் ‘ஃபயரிங்’. நடுவில் ஒரே ஒரு தடவை நிலைமை சரியானாலும் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கும். நாகியோஸில் இதே யோசனை வேறு மாதிரி இருக்கும், இத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்தும் தப்பாகவே இருந்தால்தான் ‘ஹார்ட்’ நிலை என்று எடுத்துக்கொண்டு செய்தி அனுப்பும். இந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் பேக்கப் ஓடுகிற நேரமெல்லாம் சிபியூ அலர்ட் வந்து உயிரை எடுக்கும். புலி வருது புலி வருது என்று தினமும் கத்தினால், நிஜப் புலி வருகிற அன்றைக்கு போன் சைலண்டில் இருக்கும்.

ஃபயரிங் ஆன அலர்ட்டை புரொமீதியஸ் நேராக வெளியே அனுப்பாது. அதைத் தன் கூட்டாளியான அலர்ட்மேனேஜரிடம் கொடுக்கும், அது 9093-ஆம் போர்ட்டில் இருக்கும். புதியவர்கள் இதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள். விதி எழுதி, புரொமீதியஸ் பக்கத்தில் சிவப்பும் காட்டி, வெளியே மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால், முதலில் புரொமீதியஸின் கான்ஃபிகில் (அமைப்புகளை எழுதி வைக்கிற ஃபைல்) அலர்ட்மேனேஜர் எங்கே இருக்கிறது என்று எழுதினீர்களா, எழுதிய பிறகு ரீலோட் செய்தீர்களா என்று பாருங்கள். பாதிக்குப் பாதி அதுதான்.

அலர்ட்மேனேஜர் செய்கிற முக்கியமான வேலை, சேர்த்துக் கட்டுவது. ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் போனால் அதன் பின்னால் இருக்கிற 40 சர்வரும் ஒரே நேரத்தில் ‘ஆள் இல்லை’ என்று அலறும். 40 போன் வந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் ஒரு வகை அலர்ட் வந்ததும் அது 30 விநாடி பொறுத்து, கூட வருகிறதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும். அந்தக் கட்டில் பிற்பாடு புதிதாக ஏதாவது சேர்ந்தால் 5 நிமிட இடைவெளியில் சொல்லும். ஒன்றும் மாறாமல் அப்படியே இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தும். இவை நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்கிற அளவுகள், எல்லாவற்றையும் மாற்றலாம். ஸ்விட்ச் போன அலர்ட் இருக்கும்போது பின்னால் இருக்கிற சர்வர்களின் அலர்ட்டை அடக்கி வை என்றும் சொல்லலாம், அதற்கு ‘இன்ஹிபிஷன்’ என்று பெயர். வேலை நடக்கிறது, இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிரு என்பதற்கு ‘சைலன்ஸ்’.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். எண் வாங்க 15 விநாடிக்கு ஒருமுறை போகிறது, விதியைச் சரிபார்க்க 15 விநாடி, ‘ஃபார்’ 5 நிமிடம், அலர்ட்மேனேஜர் 30 விநாடி. மோசமான நிலையில் மொத்தம் 6 நிமிடம். சர்வர் விழுந்து 6 நிமிடம் கழித்துத்தான் முதல் போன் அடிக்கும். அது உங்களுக்குச் சரியா என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது, விழுந்த பிறகு பேசினால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இப்போது இணைப்பு. பேஜர்ட்யூட்டியில் ‘சர்வீஸ்’ ஒன்றை உருவாக்க வேண்டும், ‘பில்லிங் டேட்டாபேஸ்’ என்கிற மாதிரி. அதில் இன்டக்ரேஷன் ஒன்று சேர்த்தால் 32 எழுத்தில் ஒரு கீ கிடைக்கும். அந்தக் கீயை அலர்ட்மேனேஜர் கான்ஃபிகில் ‘ரிசீவர்’ என்ற பகுதியில் வைக்க வேண்டும். இதில் ஒரு குழி இருக்கிறது. பேஜர்ட்யூட்டியில் ‘ஈவன்ட்ஸ் ஏபிஐ வி2’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கீ போக வேண்டிய இடம் ‘ரவுட்டிங் கீ’. ‘புரொமீதியஸ்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் ‘சர்வீஸ் கீ’. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிற கீதான், இடம் மாறினால் போகாது, நீங்களும் கீயைத் திரும்பத் திரும்ப காப்பி செய்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கான்ஃபிகை ‘கிட்’ மாதிரி டீம் முழுக்கப் பார்க்கிற கோட் சேமிப்பில் வைக்கிறீர்கள் என்றால் கீயைத் தனி ஃபைலில் வையுங்கள். அந்தக் கீ கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் நடுராத்திரி உங்களை எழுப்பலாம்.

ஃபயர்வாலில் உள்ளே வர எதையும் திறக்க வேண்டாம். அலர்ட்மேனேஜர்தான் வெளியே போய், 443-ஆம் போர்ட் வழியாக ஒரு எச்.டி.டி.பி. செய்தியைப் போட்டுவிட்டு வருகிறது. வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக 202 என்ற பதில் கிடைக்கும். வாங்கிக்கொண்டேன் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், யாரையோ எழுப்பிவிட்டேன் என்று இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

அந்தச் செய்திக்குள் பார்த்தால் நாலைந்து விவரம்தான் இருக்கும். கீ, என்ன நடந்தது என்ற ஒரு வரி, எந்த மெஷின், எவ்வளவு தீவிரம். அதோடு ‘செயல்’ என்று ஒன்று. பிரச்சினை தொடங்கியது, ஒருவர் ஏற்றுக்கொண்டார், தீர்ந்தது என்ற மூன்றில் ஒன்று. அப்புறம் ‘டீடூப் கீ’ என்று ஒன்று. முழு விஷயத்திலும் நின்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டியது என்று நான் நினைப்பது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

டீடூப் கீ என்பது பிரச்சினையின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டாவது தடவை செய்தி வந்தால், பேஜர்ட்யூட்டி அதைப் புதிய பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாது. பழைய கோப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும், மறுபடி போன் போடாது. அதே பெயரில் ‘தீர்ந்தது’ என்று வந்தால் கோப்பை மூடும். ஒவ்வொரு தடவையும் பெயர் மாறிக்கொண்டே இருந்தால், ஒரே டிஸ்க் பிரச்சினைக்கு 60 கோப்பு திறக்கும், ஒன்றும் தானாக மூடாது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறவர்கள் பெயரோடு நேரத்தையும் சேர்த்துவிட்டு இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அலர்ட்மேனேஜர் இந்தப் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும். எதைக் கொண்டு? நீங்கள் எப்படிச் சேர்த்துக் கட்டச் சொன்னீர்களோ அதைக் கொண்டு. அதன் கூடவே வருகிற உதாரண கான்ஃபிகில் ‘அலர்ட்டின் பெயரை வைத்துக் கட்டு’ என்று இருக்கும், நாமும் அதை அப்படியே விட்டுவிடுவோம். இப்போது யோசித்துப் பாருங்கள். இரவு 1 மணிக்கு முதல் சர்வரில் டிஸ்க் நிறைகிறது, போன் வருகிறது, முறையில் இருப்பவர் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று அழுத்திவிட்டு வேலை பார்க்கிறார். 1.20-க்கு வேறொரு சர்வரில் டிஸ்க் நிறைகிறது. அலர்ட்டின் பெயர் ஒன்றுதானே, அதே கட்டில் போய்ச் சேரும், அதே டீடூப் கீயோடு போகும், பேஜர்ட்யூட்டியைப் பொறுத்தவரை இது ஏற்கெனவே ஒருவர் ஏற்றுக்கொண்ட விஷயம். போன் வராது. எல்லாமே சரியாக வேலை செய்துதான் இரண்டாவது சர்வர் கேட்பாரில்லாமல் கிடக்கும். இதைத் தவிர்க்க, கட்டும்போது அலர்ட்டின் பெயரோடு எந்த சர்வீஸ், எந்த கிளஸ்டர் (சேர்ந்து ஒரே வேலை பார்க்கிற சர்வர் கூட்டம்) என்பதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மெஷினையும் சேர்த்தால் மறுபடி 40 போன் கதை. எவ்வளவு பொடியாகப் பிரிப்பது என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. ஒரு ஆள் ஒரே தடவையில் சரிசெய்யக்கூடியது எவ்வளவோ அது ஒரு கட்டு என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

‘தீர்ந்தது’ என்ற செய்தி பற்றியும் ஒரு வார்த்தை. பேஜர்ட்யூட்டிக்கு அலர்ட்மேனேஜர் அதைத் தானாகவே அனுப்பும். மெயிலுக்கும், டீம் அரட்டைக்கான ஸ்லாக்குக்கும் நீங்கள் கேட்டால்தான் அனுப்பும். ஸ்லாக்கில் அலர்ட் வந்து, அது சரியானதா இல்லையா என்று தெரியாமல் நாலு பேர் தனித்தனியாக சர்வரைத் திறந்து பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லா அலர்ட்டுக்கும் ஆளை எழுப்பக்கூடாது. விதி எழுதும்போதே தீவிரம் என்ன என்று ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள். ‘கிரிட்டிக்கல்’ என்றால் பேஜர்ட்யூட்டிக்கு, மற்றது டெலிகிராமுக்கு என்று அலர்ட்மேனேஜரில் பாதை பிரிக்கலாம். டெலிகிராம் இணைப்பு இன்னும் சுலபம். பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் பேசினால் டோக்கன் தரும், அதோடு உங்கள் குரூப்பின் சாட் ஐடியைச் சேர்த்தால் முடிந்தது. குரூப்பின் ஐடி மைனஸ் குறியோடு தொடங்கும், அந்தக் கோட்டை விட்டுவிட்டால் போகாது. மூன்று பேர் இருக்கிற டீமுக்கு டெலிகிராம் மட்டுமே போதாதா என்று கேட்டால், பகலில் போதும். தூங்குகிற ஆளை அது எழுப்பாது, எழுப்பினாலும் எழுந்தாரா என்று கேட்டு அடுத்தவருக்குப் போகாது.

அடுத்தவருக்குப் போவதற்குப் பெயர் எஸ்கலேஷன். முதல் ஆள் 10 நிமிடத்தில் ‘அக்’ கொடுக்காவிட்டால் இரண்டாம் ஆள், அவரும் எடுக்காவிட்டால் மேனேஜர். அக் என்றால் ஏற்றுக்கொண்டேன் என்றுதான் அர்த்தம், சரிசெய்துவிட்டேன் என்று இல்லை. தூக்கக் கலக்கத்தில் அக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தவர்கள் உண்டு, நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். அந்தக் கடைசி ஆளாக ஒருவரைக் கட்டாயம் போட்டு வையுங்கள், அவர் பெயரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். என் பழைய கம்பெனியின் 60 மெயில் போன இடம் ஞாபகம் இருக்கிறதல்லவா.

சோதித்துப் பார்க்க ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தி, போன் அடித்தால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது பாதையின் கடைசித் துண்டை மட்டும்தான் காட்டும். மதியம் 3 மணிக்கு, எல்லோரும் சீட்டில் இருக்கும்போது, விதியில் இருக்கிற 10 சதவீதத்தை 99 ஆக்கி ரீலோட் செய்யுங்கள். நிஜ எண், நிஜ விதி, நிஜக் காத்திருப்பு, நிஜ போன். எத்தனை நிமிடம் ஆனது என்று கடிகாரத்தைப் பாருங்கள். போன் வந்ததும் எடுக்காமல் விட்டு, இரண்டாம் ஆளுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் 10-க்கு மாற்ற மறக்காதீர்கள். இதே சோதனையை இன்னொரு நாள் போனை ‘டூ நாட் டிஸ்டர்ப்’ நிலையில் வைத்துச் செய்யுங்கள், ராத்திரி உங்கள் போன் அந்த நிலையில்தான் இருக்கும். கூப்பிடுகிற எண்ணை கான்டாக்டில் சேமித்து அதற்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒன்று மிச்சம் இருக்கிறது. புரொமீதியஸே படுத்துவிட்டால்? அப்போது அலர்ட் வராது. அலர்ட் வராத இரவும் எல்லாம் நன்றாக இருக்கிற இரவும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அடுப்பில் வைத்த குக்கரில் ரொம்ப நேரமாக விசிலே வரவில்லை என்றால் அம்மா சமையலறைக்குப் போய்ப் பார்ப்பாரே, அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். எப்போதும் உண்மையாகவே இருக்கிற ஒரு விதியை எழுதி வையுங்கள், ‘1 என்றால் 1’ என்கிற மாதிரி. அது சதா ஃபயரிங்கிலேயே இருக்கும். அதை பேஜர்ட்யூட்டிக்கு அனுப்பாமல், வெளியே இருக்கிற ஒரு ஹார்ட்பீட் (இதயத்துடிப்பு) சேவைக்கு வெப்ஹுக்காக, அதாவது அந்தச் சேவை தருகிற வெப் முகவரிக்குத் தானாகப் போகிற செய்தியாக அனுப்புங்கள். துடிப்பு வந்துகொண்டிருக்கிறவரை அந்தச் சேவை பேசாமல் இருக்கும், நின்றால் அது உங்களைக் கூப்பிடும். அந்தப் பாதைக்கு மட்டும், ஞாபகப்படுத்துகிற 4 மணி நேரத்தையும் அந்த 5 நிமிட இடைவெளியையும் ஓரிரு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துடிப்பு நாலு மணி நேரத்துக்கு ஒன்றுதான் போகும்.

நான் இதை வைத்து ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, இரவு 2 மணிக்குப் போன் வந்தது. டேட்டாபேஸ், பில்லிங், வெப், எல்லா சர்வரும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. புரொமீதியஸ் இருந்த மெஷினின் டிஸ்க்தான் நிறைந்திருந்தது, டிஸ்கைப் பற்றி எங்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டியதே அதுதான். அந்த வாரம் முறை என்னுடையது, எழுந்து உட்கார்ந்தேன்.